ஐந்து கைமாற்றம், ஒரு நழுவல்கூட இல்லை: ஒகேனக்கல் ரோடு ரிலே, நான்காம் ஒத்திகை

முதலில் பெருமையைப் பீற்றிவிடுகிறோம். ரிலேக் குச்சிக்குப் பதிலாக ஆறு பேரும் ஒருவர்பின் ஒருவராகத் தோளில் மாட்டி ஓடுவது ஒரு துணிப்பட்டை. தருமபுரி நான்கு ரோட்டில் காலை 5 மணிக்குக் கிளம்பிய அந்தப் பட்டை, 42.195 கி.மீ. தூரத்தை 4 மணி 40 நிமிடம் 40 விநாடியில் முடித்தது. இலக்கு நாலரை மணி. பத்து நிமிடம் தவறியதில் பெரிய வருத்தமில்லை. ஐந்து கைமாற்றத்திலும் பட்டை கீழே விழவில்லை, முழங்காலில் மாட்டவில்லை, யாரும் நடுரோட்டில் நின்று முடிச்சுப் போடவில்லை. முதல் ஒத்திகையில் இந்த ஐந்து இடங்களில் மட்டும் 80 விநாடி வீணானது.

தூரப் பிரிப்பு, ஜப்பானின் நெடுந்தூர ரோடு ரிலேயான எகிடெனின் பழகிய கணக்குதான்: 5, 10, 5, 10, 5, 7.195. இண்டூர் பக்கம் இரண்டாவது கைமாற்றம், பென்னாகரம் பக்கம் நான்காவது. ஒகேனக்கல்லுக்கு மொத்தம் சுமார் 46 கி.மீ. என்பதால் ஊர் எல்லைக்கு முன்பே ஓட்டம் முடிந்துவிடும். மிச்சத் தூரம் குட்டியானை வண்டியில்.

ஆறு பேருமே எடை குறைத்தவர்கள். குறைந்தது 9 கிலோ, கூடியது 22 கிலோ. ஒருவர் இப்போதும் 91 கிலோ, இன்னொருவர் 58. பட்டைத் தகராறின் வேர் இதுதான்.

குச்சி வேண்டாம் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. நானூறு மீட்டருக்குக் குச்சி சரி. 10 கி.மீ. முழுக்க ஒரு கையில் பிடித்தால் அந்தப் பக்கத் தோள் இறுகும், தண்ணீர் குடிக்கவும் கை தடுமாறும். ஜப்பான்காரர்கள் எகிடெனில் தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்காகப் போடும் டசுக்கி அதற்குத்தான். வழக்கமான அளவு 6 செ.மீ. அகலம், 1.6 முதல் 1.8 மீட்டர் நீளம். படிக்கும்போது ஒன்றுமில்லாத வேலை போலத்தான் இருக்கும். தைத்துப் பார்த்தால் தெரியும் சேதி.

அளவெடுக்கும் முறை: ஓடும்போது போடும் பனியனோடு நிற்கவைத்து, வலது தோளிலிருந்து இடது இடுப்பெலும்புக்குக் கீழே சுற்றித் திரும்பத் தோளுக்கு டேப்பைக் கொண்டுவர வேண்டும். எங்கள் ஆறு பேருக்கு 148 முதல் 171 செ.மீ. வரை வந்தது. பெரியவருக்குத் தைத்தால் சின்னவருக்கு 23 செ.மீ. தொங்கும். சின்னவருக்குத் தைத்தால் பெரியவரின் அக்குளை அறுக்கும்.

முதல் பட்டை சாட்டின் ரிப்பன் துணி. பளபளப்பு அருமை, ஆனால் வியர்த்த பனியன் மேல் வழுக்கி ஒவ்வொரு 300 மீட்டருக்கும் முழங்கைக்கு இறங்கிவிடும். அடுத்து, பள்ளிக்கூடப் பை வாரில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியைப் போட்டு நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை. ஈர விரலுக்குக் கொக்கி அசையாது, அசைந்தாலும் ஆறேழு விநாடி போகும். இடுப்பெலும்பில் உரசிப் புண்ணும் மிச்சம். வெல்க்ரோ அதைவிட மோசம்: பனியன் நூலைப் பிடித்து இழுத்தது, மூன்றாவது ஆளிடம் போவதற்குள் பஞ்சு அடைத்து ஒட்டும் தன்மையே போனது. எலாஸ்டிக் பட்டை தோளில் துள்ளிக்கொண்டே இருக்கும், பேச்சுக்கே இடமில்லை.

கடைசியில் காடாத் துணிக்கு வந்தோம். சொரசொரப்பு இருப்பதால் ஈரத்திலும் நகராது. ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். துணியை வாங்கியதும் ஒரு ராத்திரி ஊறவைத்து, துவைத்து, காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். நேராக வெட்டித் தைத்த எங்கள் பட்டை ஒரே துவைப்பில் 172-லிருந்து 163 செ.மீ. ஆகிவிட்டது. துவைத்தால் கஞ்சியும் போகும், கழுத்தில் அறுக்காது. அடுத்தது, நீளம் பாவு, அதாவது நெசவின் நீளவாட்டு நூல், ஓடும் திசையில்தான் வர வேண்டும். துணி மிச்சம் பிடிக்க டெய்லர் கிராஸாக வெட்டிக் கொடுத்தால் ஓட ஓட இழுபட்டு நீளும். மூன்றாவது, மூட்டுத் தையல். இரண்டு முனையையும் 3 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து, கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி போலத் தைக்க வேண்டும். மடித்துப் பிதுங்கவிட்ட தையல், பட்டை சுற்றிக்கொண்டு தோளுக்கு வரும்போதெல்லாம் கழுத்தடியைத் தேய்க்கும்.

வெட்டும் அகலம் 14 செ.மீ.: இரண்டாக மடித்தால் 6, இரு ஓரத்திலும் தையலுக்கு ஒவ்வொரு செ.மீ. நீளம் 175, மூட்டியபின் 172. இரண்டு மீட்டர் வாங்கினால் சுருக்கமும் போகக் கையில் கொஞ்சம் நிற்கும். காய்ந்த பட்டை 34 கிராம், ஆறாவது ஆள் கழற்றியபோது 95 கிராம். ஐந்து பேர் வியர்வையைச் சுமக்கிறோம் என்ற நினைப்பு வராமல் ஓடுவது அவரவர் மனப்பக்குவம்.

இனி அந்த 23 செ.மீ. தொங்கல். எகிடென் ஓட்டக்காரர்கள் மிச்சத்தை மடித்துக் கால்சட்டை இடுப்புக்குள் செருகிக்கொள்வார்கள். நமக்கு அது ஒத்துவராது. எடை குறைத்தவர்கள் பழைய கால்சட்டையையே நாடாவை இறுக்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிறோம். இடுப்பில் சுருக்கம் விழுந்து இடைவெளி வந்துவிடுகிறது. செருகிய துணி அந்த இடைவெளி வழியாக ஒரு கிலோமீட்டருக்குள் வெளியே வந்துவிடும். இரண்டாம் ஒத்திகையில் முழங்காலில் மாட்டியது இப்படித்தான். பட்டையைக் குறை சொல்லி மூன்று வாரம் ஓட்டினோம், குற்றவாளி இடுப்பு.

தீர்வு தனி பெல்ட். தையல் சாமான் கடையில் கிடைக்கும் ஓர் அங்குல எலாஸ்டிக். இப்போதைய இடுப்பு அளவில் பத்தில் ஒரு பங்கு குறைத்து வெட்ட வேண்டும். 34 அங்குல இடுப்புக்கு 30.5. பனியனுக்கு மேலே போட வேண்டும், உள்ளே போட்டால் தோல் உரியும். பட்டையின் தொங்கலை இரண்டாக மடித்து, இடது இடுப்பில் பெல்ட்டுக்குள் மேலிருந்து கீழாக விட வேண்டும். கீழிருந்து மேலாகச் செருகினால் கைவீச்சில் கழன்றுவிடும். பெல்ட்டை ஆளாளுக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கைமாறுவது பட்டை மட்டும். எடை இன்னும் குறைகிறவர்கள் ஒவ்வொரு 3 கிலோவுக்கும் எலாஸ்டிக்கை மறுபடி அளக்க வேண்டும்.

கைமாற்றம் கோட்டிலிருந்து ஓடும் திசையில் 20 மீட்டருக்குள் முடிய வேண்டும். வருபவர் 200 மீட்டர் முன்பே பட்டையைக் கழற்றி, இரண்டு கையாலும் மார்பு உயரத்தில் விறைப்பாக நீட்டிப் பிடிக்க வேண்டும். கசக்கிப் பிடித்தால் வாங்குபவர் சிக்கெடுக்க நிற்க நேரும். வாங்குபவர் நடுவில் பிடித்து இழுத்து, ஓடிக்கொண்டே தலை வழியாக மாட்டிக்கொள்ள வேண்டும். செருகும் வேலையை முதல் 100 மீட்டருக்குப் பிறகு, மூச்சு சீரானதும் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தடவை ஒவ்வொரு மாற்றத்திலும் 3 முதல் 5 விநாடிக்குமேல் போகவில்லை.

அந்தப் பத்து நிமிடம் வேறு இடத்தில் போனது. இரண்டு 10 கி.மீ. ஓட்டத்திலும் கடைசி 3 கி.மீ. வேகம் சரிந்தது. காரணம் சோறு. எடை குறைத்தவர்களுக்கு அரிசியைக் கண்டால் பயம். சோற்றின் மாவுச்சத்து தசையில் கிளைக்கோஜனாகச் சேரும், அதில் ஒரு கிராமோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் சேரும். அதனால் முந்தின நாள் நன்றாகச் சாப்பிட்டால் தராசு ஒரு கிலோ ஏறிக் காட்டும், உடனே ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். அது கொழுப்பு இல்லை, மறுநாள் ஓட வேண்டிய எரிபொருள். ஓட்டத்துக்குத் தோராயக் கணக்கு ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி. 78 கிலோ ஆள் 10 கி.மீ. ஓட 780. வெறும் வயிற்றில் அதை எடுக்க முடியாது. களி வேண்டாம், ஓட்டத்துக்குமுன் வயிற்றில் கல்லாக நிற்கும். ராத்திரி சோறும் ரசமும், காலையில் ராகிக் கஞ்சி ஒரு டம்ளர், கைமாற்றத்துக்கு 40 நிமிடம் முன்பு வாழைப்பழம் இரண்டு.

தண்ணீரைக் கையோடு எடுத்துப் போங்கள். நம் மாவட்டத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு உண்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காக. ஓஆர்எஸ் பொட்டலத்தை அரை லிட்டரில் கலக்காதீர்கள், 20.5 கிராம் பொட்டலம் என்றால் ஒரு லிட்டர்தான்.

கடைசி இறக்கம் பற்றி ஒரு வார்த்தை. பென்னாகரம் தாண்டினால் காடும் இறக்கமும். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும். பட்டினி கிடந்து வேகமாக எடை குறைத்தவருக்குக் கொழுப்போடு தசையும் போயிருக்கும், மூச்சு ஒத்துழைத்தாலும் தொடை தாங்காது. ஆகவே ஆறாவது இடம் இலேசான ஆளுக்கு இல்லை, ஸ்குவாட் தவறாமல் செய்கிற ஆளுக்கு. 91 கிலோக்காரரைத்தான் போட்டோம், கி.மீ.க்கு 6 நிமிடத்தில் இறங்கி வந்தார். யானை நடமாட்டம் உள்ள பாதை, நன்றாக விடிந்த பிறகே அங்கே கால் வைக்க வேண்டும். 5 மணிக்குக் கிளம்பினால் 9 மணி வாக்கில் கடைசி ஆள் தொடங்குவார், அந்தக் கணக்கு சரி. பழத்தைக் கையில் காட்டாதீர்கள், குரங்குகள் 20 மீட்டர் எல்லையெல்லாம் பார்ப்பதில்லை.

அடுத்து கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், ஏறக்குறைய 50 கி.மீ. நெடுஞ்சாலையில் லாரி சத்தத்துக்கு நடுவே கூப்பிட்டால் காதில் விழாது, பட்டை தூரத்திலேயே கண்ணில் பட வேண்டும். காடாவில் மஞ்சள் சாயம் ஏற்றினால் வியர்வையில் கரைந்து பனியனில் இறங்குமோ என்று சந்தேகம். இரண்டு மீட்டர் சாயமேற்றிய துணி இப்போது உப்புத் தண்ணீர் வாளியில் ஊறுகிறது, பக்கத்தில் ஒரு பழைய வெள்ளைப் பனியன் காத்திருக்கிறது.