படிக்கட்டுக்கும் பில் மேசைக்கும் இடையில்

மதுரை விளக்குத்தூணுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் 14 ஆண்டுகள் ஃப்ளோர் சூப்பர்வைசராக இருந்தேன். தீபாவளிக் கூட்டத்தில் துணி குறைவது உண்டு. அந்தக் கணக்கு எங்கள் தலையில் விழும் என்பதால், யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படும் கண் எங்களுக்கு வந்துவிடும்.

2016 தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு அன்று, மூதாட்டி ஒருவர் இரண்டு குழந்தைக் கவுன்களை மஞ்சப்பைக்குள் திணித்துக்கொண்டு முதல் மாடியிலிருந்து இறங்குவதாக, காமிரா பார்க்கும் பையன் சொன்னான். கடைசிப் படியிலேயே அவரை நிறுத்தி, ஸ்டாக் அறைக்கு அழைத்துப்போய்ப் பையைக் கொட்டச் சொன்னேன். கவுன்களோடு ஒரு பால்புட்டியும் வெற்றிலைப் பொட்டலமும் விழுந்தன. பணம் முந்தானை முடிச்சில் இருந்தது. “கீழதானய்யா பணங் கட்டணும்னாக, பிள்ளைய இடுக்கிக்கிட்டு எப்பிடிப் பிடிக்க?” என்றார். பில் மேசை உண்மையிலேயே கீழேதான் இருந்தது. அதற்கு இன்னும் பத்தடி நடக்க வேண்டியிருந்தது. உசிலம்பட்டியிலிருந்து மகன் வரும்வரை, இடுப்புப் பிள்ளையோடு அவரை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தோம். கதவைச் சாத்தியது நான்தான். போலீஸுக்குச் சொல்லாமலிருக்க விலையைப்போல் பத்து மடங்கு கட்ட வேண்டும் என்றார் மேலாளர். மகன் எண்ணி வைத்தார். ‘திருடியது உண்மை’ என்று எழுதிய தாளில் அந்த அம்மாவின் கைநாட்டையும் வாங்கினோம்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடும் என் மாமா மகனிடம் சில மாதங்கள் கழித்து இதைச் சொன்னபோது, அவர் முதலில் கேட்டது, “அந்தம்மா பில் மேசையைத் தாண்டுச்சா மாப்ள?” என்பதுதான். வாசலைத் தாண்டினால்தான் திருட்டு என்று நம்பியிருந்தும், அவரைப் படியிலேயே பிடித்திருந்தோம். சட்டத்தில் வாசல் என்ற பேச்சே இல்லை என்றார். அப்போது நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378-ஆவது பிரிவுப்படி, ஒருவர் வசமுள்ள பொருளை அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு எடுப்பதற்காக நகர்த்தினாலே போதும். மேசைமேல் கிடக்கும் மோதிரத்தை, பின்னால் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அதே வீட்டில் ஒளித்து வைப்பவன், முதலில் நகர்த்திய கணத்திலேயே திருடனாகிறான் என்று அந்தப் பிரிவே உதாரணம் சொல்கிறது. ஆனால் எங்கள் கடையில் துணியை எடுத்து, விரித்து, கையோடு கீழே கொண்டுபோக வாடிக்கையாளருக்குச் சம்மதம் கொடுத்தவர்களே நாங்கள்தான். ஆகவே நகர்த்தியது எதையும் நிரூபிக்காது. எண்ணத்தைத்தான் காட்ட வேண்டும். விலைச்சீட்டைக் கிழிப்பது, புடவைக்கு உள்ளே சொருகுவது, பில் போடாமல் மேசையைக் கடப்பது ஆகியவை எண்ணத்தைக் காட்டும் செயல்கள். முடிச்சில் பணத்தோடு பில் மேசையை நோக்கி இறங்கிய கிழவியிடம் அப்படி ஒன்றும் இல்லை. பை மட்டும் இருந்தது.

மாறாக, எங்கள் பக்கம்தான் குற்றங்கள் வரிசை கட்டி நின்றன. கதவைச் சாத்தி வைத்தது சட்டவிரோத அடைப்பு. அதற்கு ஓராண்டு வரை சிறை. போலீஸே ஆனாலும் ஒரு பெண்ணைச் சோதிக்க வேண்டியது இன்னொரு பெண்தான் என்றிருக்க, அவர் பையைக் கொட்டச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? பத்து மடங்கு வாங்கியதை, மிரட்டிப் பணம் பறித்தது என்றே ஒரு நீதிபதி கொள்ளலாம் என்றார்.

2024 ஜூலை 1 முதல் அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. திருட்டு இப்போது 303-ஆவது பிரிவு. இலக்கணம் மாறவில்லை. பொருள் 5000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தடவைக் குற்றவாளி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். அத்தகைய வழக்கில் போலீஸே வாரண்ட் இன்றிக் கைது செய்ய முடியாது. பொருளைக் காப்பில் வைக்கும் கட்டடத்தில் நடந்த திருட்டு என்று 305-ஐச் சேர்த்தால் கதை வேறு, ஏழாண்டு வரை போகும். கண்முன் நடந்த, வாரண்ட் இன்றிப் போலீஸ் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றத்தில் தனியாள் பிடிக்கலாம். ஆனாலும் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைத்தாக வேண்டும். காமிராவில் பையன் பார்த்துச் சொன்னதை ‘என் கண்முன் நடந்தது’ என்று நான் சொல்லிக்கொள்ள முடியுமா என்பது தனிக் கேள்வி.

மாடியில் பிளாஸ்டிக் கூடைகள் வைக்கச் சொல்லி ஆறு மாதம் கேட்டேன். அடுத்த தீபாவளிக்கு வைத்தார்கள். யாராவது பையில் போட்டால், “அம்மா, இந்தக் கூடையில வச்சுக்குங்க, பில் கீழ இடது பக்கம்” என்று சொல்லக் கடைப் பிள்ளைகளைப் பழக்கினேன். திருட வந்தவரும் அதைக் கேட்டதும் கூடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அதில் கடைக்கு நஷ்டம் இல்லை. அந்தக் கைநாட்டுத் தாளைக் கிழித்துவிடலாம் என்று மேலாளரிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். நான் வேலையை விட்ட அன்றும் அது கோப்பில்தான் இருந்தது.