செரின் 15-ஆ, 18-ஆ?

ஒரு வாரமாக ஒரு பட்டியலோடு மாரடித்துக்கொண்டிருக்கிறேன். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அதன்மேல் பின்னால் பாஸ்பேட், அசிட்டைல், யுபிக்விட்டின் (இது ஒரு சிறு புரதம்) என்று ஒட்டுகள் ஏறும். பாலூட்டிப் புரதங்களில் எந்த ஒட்டு எத்தனையாவது அமினோ அமிலத்தில் ஏறுகிறது என்று இடம் இடமாகக் குறித்துவைக்கும் பட்டியல். கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், எழுதிவைப்பது குமாஸ்தா வேலை என்று நினைத்திருந்தேன்.

புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தையே பாருங்கள். டிஎன்ஏ சேதமானால் மனிதனில் இதன் 15-ஆவது அமினோ அமிலமான செரினில் பாஸ்பேட் ஏறும். சுண்டெலியிலும் அதே செரின்தான், ஆனால் அங்கே அதன் எண் 18, ஏனென்றால் எலியின் புரதத்தில் தொடக்கத்திலேயே மூன்று அமினோ அமிலங்கள் கூடுதல். சரி, எல்லாவற்றோடும் மூன்றைக் கூட்டிவிடலாம் என்று கிளம்பினால் வால் பக்கம் மாட்டிக்கொள்வீர்கள்: மனிதனின் செரின் 392 எலியில் 389! நடுவில் சில அமினோ அமிலங்கள் குறைந்துவிட்டன. இதில் இன்னொரு கூத்து, இந்தத் தளங்களைக் கண்டுபிடிக்கப் பயன்படும் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் மனித எண்ணின் பெயரிலேயே விற்கப்படுவதால், எலி செல்லில் சோதனை செய்தவரும் கட்டுரையில் ‘செரின் 15’ என்றே எழுதிவிட்டுப் போய்விடுகிறார்.

டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களின் கதை வேறு. ஹெச்3 என்ற ஹிஸ்டோனில் லைசின் 4 என்று எல்லோரும் சொல்வது யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் 5-ஆவது இடம். வெட்டி எறியப்படும் முதல் அமினோ அமிலமான மெத்தியோனினையும் அங்கே எண்ணுகிறார்கள்.

அதனால் எண்ணை மட்டும் நம்பாமல், தளத்துக்கு முன்னும் பின்னும் ஏழேழு அமினோ அமிலங்களையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். பாஸ்போசைட்பிளஸ் தரவுத்தளத்தில் செய்வதும் இதுதான். வெவ்வேறு விலங்குகளில் உள்ள ஒரே தளத்தை ஒரு குழுவாகவும் கட்டிவிடுகிறார்கள்.

அப்புறம், மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சொன்னால் வேதவாக்கு என்றும் இல்லை. அளப்பதற்கு முன் புரதத்தை டிரிப்சின் என்ற நொதி வெட்டியபின் யுபிக்விட்டின் லைசினில் விட்டுப்போகும் எச்சம் இரண்டு கிளைசின், 114.043 டால்டன். மாதிரியைத் தயார்செய்யும்போது போடும் அயோடோஅசிட்டமைடு ஒரே லைசினில் இரண்டு முறை ஒட்டினாலும் அணுக்கணக்கு அச்சு அசல் அதேதான், எவ்வளவு துல்லியமான கருவியாலும் நிறையை வைத்துப் பிரிக்க முடியாது. அதற்குப் பதிலாகக் குளோரோஅசிட்டமைடு போட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். ஆகவே எந்த வேதிப்பொருள் போட்டார்கள் என்பதற்கும் பட்டியலில் ஒரு நெடுவரிசை ஒதுக்கியிருக்கிறேன்.

எந்த விலங்கு என்றே நான் குறிக்காமல் விட்ட வரிகள் இன்னும் கிடக்கின்றன. இன்றைக்கு அவற்றின் மூலக் கட்டுரைகளைத் தோண்ட வேண்டும்.