ரத்தப் புற்றுநோய்க்கு மரபணு அடையாளம் தேடும் மாணவர்களுக்கு

உயிர்த் தகவலியல் முதுநிலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில், வேகமாகப் பரவும் ரத்தப் புற்றுநோயான அக்யூட் மைலாய்டு லுக்கேமியாவுக்கான மரபணு அடையாளங்களை, அதாவது நோயைப் பற்றித் தகவல் தரும் மரபணுக்களைத் தேடுவதை ஆய்வுத் தலைப்பாக எடுத்தேன். பொதுவில் கிடைக்கும் தரவும் ஒரு கணினியும் இருந்தால் செய்துவிடலாம் என்பதால் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் இடறிய இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

புற்றுநோய்களின் மரபணுக்களைத் தொகுக்கும் அமெரிக்காவின் டிசிஜிஏ திட்டம், இந்த நோயுள்ள 200 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டது. அந்தத் தரவைத்தான் எடுத்தேன். அதில் ஒப்பிடுவதற்கு நோயற்றவர்களின் மரபணு வெளிப்பாட்டு (எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்ற அளவு) மாதிரிகள் இல்லை. ஆகவே சாதாரணத் திசுக்களின் மரபணு வெளிப்பாட்டைத் திரட்டிய ஜிடெக்ஸ் தொகுப்பின் ரத்த மாதிரிகளை எதிரில் வைத்தேன். ஆயிரக்கணக்கான மரபணுக்கள் வேறுபட்டு நின்றன. மகிழ்ந்துபோனேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த ரத்தவியல் மருத்துவர் பட்டியலின் மேலே இருந்த சிடி34 என்ற மரபணுவைச் சுட்டிக்காட்டினார். “நல்ல மஜ்ஜையின் முன்னோடிச் செல்களிலும் இது இருக்குமே, அம்மா. நீங்கள் கண்டது நோயையா, முதிராத செல்லையா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அவர் சொன்னது சரி. லுக்கேமியா மாதிரியில் முதிராத பிளாஸ்ட் செல்கள் நிறைந்திருக்கும். சாதாரண ரத்தத்தின் வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்ற முதிர்ந்த வகையே அதிகம். இரண்டையும் ஒப்பிட்டால் செல் வகைகளின் வேறுபாடுதான் முதலில் தெரியும். போதாக்குறைக்கு, ஜிடெக்ஸ் மாதிரிகள் பெரும்பாலும் இறந்த கொடையாளர்களிடமிருந்து எடுக்கப்பட்டவை. இரு திட்டங்களின் ஆய்வக முறைகளும் வேறு. இவை எல்லாம் கலந்து என் பட்டியலில் உட்கார்ந்திருந்தன.

அதைவிட அடிப்படையான தவறு, கேள்வியைத் தீர்மானிக்காமல் தொடங்கியது. நோய் இருக்கிறதா என்பதை நுண்ணோக்கியும், செல்களின் புரதங்களை அளந்து வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் ஏற்கெனவே சொல்லிவிடுகின்றன. மருத்துவருக்குத் தேவைப்படுவது, யாருக்கு நோய் திரும்பும், யாருக்கு எந்த மருந்து என்பதுதான். எஃப்எல்டி3 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மிடோஸ்டாரின் மருந்தைக் கீமோதெரப்பியுடன் சேர்த்துக் கொடுக்க அமெரிக்கா 2017இல் அனுமதி அளித்தது. சிகிச்சையை மாற்றும் அடையாளம் என்றால் அது.

2016இல் டொரன்டோ குழுவினர் வெளியிட்ட 17 மரபணு மதிப்பெண்ணை, அதாவது 17 மரபணுக்களின் அளவைக் கொண்டு நோயின் போக்கைக் கணிக்கும் எண்ணைப் பற்றி அவசியம் படியுங்கள். 78 நோயாளிகளின் செல்களைப் பிரித்து, எலிகளில் செலுத்தி, லுக்கேமியாவை உருவாக்கும் செல் தொகுதிகளையும் உருவாக்காத தொகுதிகளையும் ஒப்பிட்டார்கள். நோயாளியின் செல்லுக்கு எதிரில் நோயாளியின் செல்லையே வைத்த அந்த ஒப்பீட்டின் நேர்மையை நான் இன்றும் வியக்கிறேன். நான் ஆய்வைத் திருத்தி எழுதியபோது நலமானவர்களுடனான ஒப்பீட்டை முழுவதும் நீக்கிவிட்டு, நோயாளிகளுக்குள்ளேயே நீண்ட காலம் வாழ்ந்தவர்களையும் வாழாதவர்களையும் ஒப்பிட்டேன். பட்டியல் வெகுவாகச் சுருங்கியது.

கணக்கீட்டில் இரண்டு எச்சரிக்கைகள். 20,000 மரபணுக்களை, பி மதிப்பு (வேறுபாடு எதுவும் இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05 என்ற வரம்பில் சோதித்தால், உண்மையில் எதுவுமே வேறுபடாவிட்டாலும் சுமார் 1,000 தற்செயலாகத் தேறிவிடும். சோதனைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்தப்பட்ட பி மதிப்பையே பாருங்கள். எல்லா மாதிரிகளையும் வைத்து மரபணுக்களைத் தேர்ந்தெடுத்த பிறகு பயிற்சி, சோதனை என்று பிரிக்காதீர்கள். விடைத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவது போன்றது அது. இதைப் பழக 1999இல் கோலப் குழு வெளியிட்ட தரவு நல்லது: இரண்டு வகை லுக்கேமியாக்களைப் பிரித்தறிய 38 மாதிரிகளில் 50 மரபணுக்களைத் தேர்ந்து, தனியாக வைத்திருந்த 34 மாதிரிகளில் சோதித்தார்கள்.

தலைப்பைப் பதிவு செய்யும் முன் ஒரு ரத்தவியல் மருத்துவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். நான் அவரை முதன்முதலாகச் சந்தித்ததே தேர்வு அறையில்தான்.