சான்றிதழின் பின்பக்கம்

பரிசளிப்பு விழா என்றால் எங்கள் கல்லூரிக்காக ஊரே உழைக்கும். பந்தலுக்குக் கிடுகு தருபவர்கள், கோவிலிலிருந்து குத்துவிளக்கும் பன்னீர்ச் செம்பும் கொண்டுவருபவர்கள், கதிரை இரவல் வாங்க வண்டிலோடு அலைபவர்கள் என்று எல்லோருக்கும் அதில் பங்குண்டு. பரிசு மேசை மட்டும் ஒருவருடைய பொறுப்பு. இருபது வருடங்களுக்கு மேலாக அந்த மேசைக்குப் பின்னால் நின்ற எங்கள் கணித ஆசிரியர், நாங்கள் 'சேர்' என்று கூப்பிட்டவர், சென்ற மாரியில் காலமானார். செய்தி வந்த நாளிலிருந்து ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கும் நம்மவர்கள் தொலைபேசியில் பேசுவதெல்லாம் அந்த மேசையைப் பற்றித்தான். சேர் அந்த வேலையை எப்படிச் செய்தார் என்பதை, பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சேர்ந்து இங்கே எழுதிவைக்கிறோம்.

விழா ஒரு நாள்; அதற்கான வேலை ஆறு மாதம். தை மாதம் புதிய வகுப்புகள் தொடங்கியதும் முந்திய வருடத்துப் புள்ளிப் பட்டியல்களை வகுப்பாசிரியர்களிடம் வாங்கிவிடுவார். பொதுத் திறமைக்கு மூன்று தவணைகளின் மொத்தப் புள்ளி. பாடப் பரிசுக்கு அந்தப் பாடத்தின் மொத்தம். சமனாக வந்தால் இருவருக்கும் பரிசு. அரைப் புள்ளியைத் தேடிப்பிடித்து ஒருவரைக் கீழே இறக்கும் பழக்கம் அவரிடம் இல்லை. புள்ளி முடிந்தால் பெயர். இடாப்பில் ஒரு விதமாகவும் அனுமதிப் பதிவேட்டில் இன்னொரு விதமாகவும் இருக்கும். ஒரே முன்னெழுத்தும் ஒரே பெயருமாக ஒரு வகுப்பிலேயே இரண்டு பிள்ளைகள் இருந்தால் தகப்பன் பெயரை முழுதாக எழுதுவார். சந்தேகம் தீராவிட்டால் பிள்ளையையே கூப்பிடுவார். "உன்ர பேரை நீ எழுதுற மாதிரி எழுதிக் காட்டு பாப்பம்." பிள்ளை எழுதிக் காட்டியதுதான் சான்றிதழில் ஏறும்.

அவருக்குப் பெரிய கணக்கு வந்தது 1996 இல். 1995 ஒக்ரோபர் 30 இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் இடம்பெயர்ந்தது. அடுத்த வருடம் கிளிநொச்சியும் பெயர்ந்தது. எங்கள் வகுப்புகளில் ஒரு வாங்கில் ஐந்து பேர் நெருங்கி இருந்தார்கள். மரத்தடியிலும் வகுப்பு நடந்தது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு எங்களிடம் இருந்தது மூன்றாம் தவணைப் புள்ளி மட்டும். மூன்று தவணைகளையும் கூட்டினால் அவர்களில் ஒருவருக்கும் பரிசு கிடையாது. சராசரி எடுத்தால், வேறு பாடசாலையின் வேறு வினாத்தாளை எங்களுடையதோடு சேர்த்துக் கணிக்க வேண்டிவரும். அந்த வருடம் எல்லோருக்குமே மூன்றாம் தவணைப் புள்ளியை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தார். உள்ளூர்ப் பெற்றோர் சிலர் கோபித்துக்கொண்டு வந்தார்கள். கணக்கு எழுதிய தாளை அவர்கள் முன்னால் விரித்து வைத்து வரி வரியாக விளங்கப்படுத்தினார். அந்த வருடப் பரிசுகளில் கணிசமான பங்கு, தறப்பாள் கொட்டிலில் இருந்து படித்த பிள்ளைகளுக்குப் போனது.

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து சேரும்வரை பட்டியல் முடியாது. போரால் பாதை பூட்டியிருந்த காலத்தில் அது பிந்தித்தான் வரும். அதனால் எங்கள் விழா எப்போதும் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றிலேயே மாட்டுப்பட்டது. மாசியில் வைத்தால் காற்றும் இல்லை, மழையும் இல்லை. ஆனால் பெறுபேறு இல்லாமல் விழா வைக்க அவர் சம்மதிக்கவில்லை. கச்சானுக்கு ஏற்றபடி பந்தலைத் திருப்பினார். மேடையின் முதுகு மேற்கே. அங்கே ஆளுயரத்துக்கு மேல் இரட்டைக் கிடுகுத் தட்டி. காற்றை அது மறிக்கும். சபையின் கண்ணில் விழும் பின்னேர வெயிலையும் அதுவே மறிக்கும். குத்துவிளக்கின் திரிகளை முதல்நாள் இரவே தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, நுனியில் கற்பூரத் தூள் தடவி வைப்பார்கள். விருந்தினர் மூன்று தரம் கொளுத்தியும் பற்றாமல் நிற்கும் நிலை எங்கள் மேடையில் வந்ததில்லை.

மின்சாரம் கிடையாது. ஒலிபெருக்கி லொறி பற்றறியில் ஓடியது. குழாயை ஒலிவாங்கிக்கு முன்னால், சபையைப் பார்க்கக் கட்ட வேண்டும். பின்னால் கட்டினால், வந்த சத்தமே திரும்ப உள்ளே போய்க் கூவத் தொடங்கும். இருட்டிவிட்டால் பெற்றோல்மாக்ஸ்.

நிகழ்ச்சி நிரல், மெழுகுத் தாளை வைத்துப் பிரதி எடுக்கும் ரோணியோ இயந்திரத்தில் அடிபட்டது. மெழுகுத் தாளில் ஊசிப் பேனாவால் எழுதும் வேலையை எழுத்து அழகான பிள்ளைகளிடம் கொடுப்பார். எச்சரிக்கை ஒன்றுதான்: சுழியில் அழுத்தக் கூடாது. ணகரம், ஞகரம், ஐகாரம் போன்ற எழுத்துகளின் சுழியை அழுத்தி எழுதினால் அந்த வட்டம் கழன்று விழுந்துவிடும். அடிக்கும்போது அந்த இடத்தில் மையெல்லாம் இறங்கி, பெயருக்கு நடுவில் ஒரு கரும்பொட்டு நிற்கும். அப்படிப் பொட்டு விழுந்த பெயர்களை, அடித்த பிரதிகள் ஒவ்வொன்றிலும் கையால் திருத்த வைத்தார்.

சான்றிதழ்களில் பெயர்களை அவரே எழுதினார், தொட்டெழுதும் பேனாவால், கறுப்பு மையில். மை காய்ந்த பின் தாளைத் திருப்பி, இடப்பக்கக் கீழ் மூலையில் பென்சிலால் இரண்டு இலக்கங்கள் போடுவார். 43/17 என்றால், அவருடைய தடித்த மட்டைப் பதிவுக் கொப்பியான சீ.ஆர். கொப்பியில் நாற்பத்து மூன்றாம் பக்கம், பதினேழாம் வரி. யாருக்கு, எந்த வருடம், எதற்காக, என்ன புத்தகம், எவருடைய ஞாபகார்த்தமாக என்று எல்லாம் அந்த வரியில் இருக்கும். ஞாபகார்த்தப் பரிசுகள் வங்கியில் போட்ட வைப்பின் வட்டியில் ஓடியவை. வட்டி குறைந்த வருடங்களில் இரண்டு புத்தகம் ஒன்றானது. ஒன்றும் இல்லாமல் போனதில்லை. இப்போது நாங்கள் அனுப்பும் காசில் பெரிய கேடயங்கள் கொடுக்கிறார்கள். அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கினால் பிள்ளை வீட்டில் நாலு பேர் வாசிப்பார்கள் என்று பழைய மாணவர் சங்கத்துக்குச் சொல்ல விரும்புகிறோம்.

இனி மேசை. முதிரைப் பலகையில் செய்த நீள மேசை அது. ஒவ்வொரு பரிசிலும் சான்றிதழைப் புத்தகத்தின் மேல்மட்டைக்குள் செருகி, பெயர் தெரிய விளிம்பை வெளியே விட்டு, நூலால் கட்டியிருக்கும். பத்துப் பத்தாக அடுக்குவார். அதற்கு மேல் உயர்ந்தால் காற்றில் சரியும். பத்தாவதை முதலில் வைத்து ஒன்றாவது மேலே வரும்படி அடுக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் ஒன்றாவதை அடியில் வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு அடுக்கின் தலையிலும் ஒரு கூழாங்கல்.

பட்டியல் மூன்று பேரிடம் இருக்கும்: படியடியில் மாணவத் தலைவர், மேசையில் சேர், ஒலிவாங்கியில் பெயர் வாசிப்பவர். விழா தொடங்க ஒரு மணித்தியாலம் முன்னர் மூவரும் ஓரிடத்தில் நின்று முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசித்து ஒத்துப் பார்ப்பார்கள். பரிசு பெறுபவர்கள் பட்டியல் ஒழுங்கிலேயே முன் வாங்குகளில் இருப்பார்கள். வராத பிள்ளைக்கு ஒரு சிவப்புத் துண்டு மேசைக்குப் போகும், இன்னொன்று ஒலிவாங்கிக்கு. அங்கே பரிசை எடுத்து மேசைக்குக் கீழே பெட்டியில் வைப்பார்கள். இங்கே பெயரை வெட்டுவார்கள். மேடையில் ஒருவர், படியில் ஒருவர், படியடியில் ஒருவர். இடப்பக்கத்தால் ஏறி வலப்பக்கத்தால் இறங்க வேண்டும். படம் எடுப்பவரிடம் ஒரே ஒரு பிலிம் சுருள், முப்பத்தாறு படம். எந்தப் பரிசுக்கு அமத்த வேண்டும் என்பதைச் சேர் புருவத்தை உயர்த்திக் காட்டுவார்.

இவ்வளவும் இருந்தும் ஒரு வருடம் பிழைத்தது. தரம் எட்டில் ஒரு பிள்ளை வரவில்லை என்று துண்டு போனது, பரிசு பெட்டிக்குள் போனது, பெயரும் வெட்டப்பட்டது. பிறகு அந்தப் பிள்ளை ஓடிவந்து தன் இடத்தில் இருந்துவிட்டது. மாணவத் தலைவர் வரிசையோடு அதையும் ஏற்றிவிட்டார். வாசித்த பெயர் அடுத்த பிள்ளையுடையது, கொடுத்த பரிசும் அடுத்த பிள்ளையுடையது. அங்கிருந்து எல்லோருக்கும் பின்னால் நின்றவரின் பரிசே கிடைத்தது. வேகமாக நடக்கும் வரிசையில் தன் பெயர் வாசித்து முடிந்த பிறகே ஏறுகிறோம் என்பது பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. பதினைந்து பேர் வாங்கிய பிறகு, வலப்பக்கப் படியால் இறங்கிய ஒரு சிறுமி சான்றிதழைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள். அழவில்லை. மேசையைத் திரும்பிப் பார்த்தாள்.

சேர் கையை உயர்த்தி வரிசையை நிற்பாட்டினார். ஒலிவாங்கிக்கு நடந்துபோய், "பிழை என்னுடையது. தரம் எட்டிலிருந்து திரும்பக் கூப்பிடுகிறேன்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை; மாணவத் தலைவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பரிசுகளை வாங்கி, இலக்கம் பார்த்து மறுபடி அடுக்கி முடிக்கப் பத்து நிமிடம் சென்றது. பிரதம விருந்தினர் எழுந்து நின்றபடியே காத்திருந்தார். பிந்தி வந்த பிள்ளையின் பெயரே முதலில் கேட்டது. பெற்றோல்மாக்ஸ் கொளுத்திய பிறகுதான் நன்றியுரை. ஒருவரும் எழுந்து போகவில்லை. அடுத்த வருடத்திலிருந்து பிந்தி வருபவர்களுக்குத் தனி வாங்கு. அவர்களைக் கடைசியில் கூப்பிட்டார்கள்.

ஒவ்வொரு விழா முடிவிலும் மேசை விரிப்பை மடித்தபடி உயர்தர மாணவர்களிடம் கேட்பார்: "அடுத்த வருசம் மேசைக்கு ஆர்?" பழகியவர்கள் இருந்தார்கள். ஒருவர் வவுனியாவுக்குப் போனார், ஒருவர் கொழும்புக்கு, மற்றவர்கள் நாங்கள் வந்த வழியில் வந்தோம். அவர் தனியாகவே அடுக்கிக்கொண்டிருந்தார். ஒருவராவது நின்றிருக்கலாம்.

2009 இல் அந்தச் சீ.ஆர். கொப்பியை முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோனார். அதற்கு அப்பால் அது வரவில்லை. செட்டிகுளம் முகாமில் ஒரு புதுக் கொப்பி வாங்கி ஞாபகத்திலிருந்து எழுதத் தொடங்கினார். பெயர்கள் வந்தன, பக்கமும் வரியும் வரவில்லை. பாதி வெறுமையாக இருக்கும் அந்தக் கொப்பி இப்போது கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறது. ஊரில் இருந்தவர்களின் சான்றிதழ்கள் பங்கருக்குள்ளும் வழியிலும் போய்விட்டன. பிறப்புச் சான்றிதழோடு பொலித்தீன் உறையில் சுற்றி வெளிநாடு கொண்டுவந்தவர்களிடமே அவை மிச்சம். ஊரை விட்டுவிட்டு வந்ததால்தான் அவை எங்களிடம் இருக்கின்றன என்பதை நினைக்க நெஞ்சு கனக்கிறது.

அந்தக் கொப்பியின் வெறுமையான இடங்களை நிரப்ப, உங்கள் சான்றிதழை முன்னும் பின்னுமாகப் படம் எடுத்து இந்த மலரைத் தொகுக்கும் குழுவுக்கு அனுப்புங்கள். லமினேற் செய்திருந்தால் உரிக்க வேண்டாம்; தாளின் மேற்பரப்போடு பென்சில் எழுத்தும் உரிந்துவிடும். பிளாஷ் போடாமல், யன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சரித்து எடுங்கள். இலக்கம் மங்கிப்போயிருந்தால் இருட்டறையில் ரோர்ச்சைத் தாளோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். சேர் அழுத்தி எழுதுபவர். பள்ளம் நிழலாகத் தெரியும்.

பரிசு வாங்கியது உங்களுக்குத் தெரிந்தும், அனுப்ப இன்று உயிரோடு இல்லாத வகுப்புத் தோழர்களின் பெயர்களையும் எழுதுங்கள். அவர்கள் கொப்பியில் எழுதிய மாதிரியே எழுதுங்கள். பக்கமும் வரியும் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள்.