அசிட்ரோமை நிறுத்திய கதை

கணுக்கால் முறிந்து, பிளேட் வைத்து, மாவுக்கட்டோடு வீட்டில் படுத்துக் கிடந்தபோது எனக்கு இடது காலில் ரத்தம் உறைந்துவிட்டது. கட்டைப் பிரித்த பிறகும் கெண்டைக்கால் இறுகி, சூடாக, வீங்கியே இருந்தது. ஆபரேஷன் பண்ணின கால் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பிசியோதெரபி சொல்லித்தர வந்த பெண்தான் இரண்டு காலையும் டேப் வைத்து அளந்துவிட்டு, "அக்கா, இது சரியில்ல. இன்னைக்கே டாப்ளர் ஸ்கேன் எடுத்துடுங்க" என்றாள். எடுத்ததில், முழங்காலுக்குப் பின்னாலிருந்து தொடை வரை ஆழத்தில் ஓடும் சிரையில் அடைப்பு. டி.வி.டி. என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று இரவே வயிற்றில் ஹெப்பாரின் வகை ஊசி, கூடவே ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை. ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்கிற ரத்தப் பரிசோதனை 2-ஐத் தாண்டி நிலைத்ததும் ஊசியை நிறுத்தி, மாத்திரை மட்டும்.

இதுவரைக்கும் நடப்பது பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றுதான். மாத்திரையை நிறுத்துவதில்தான் ஆளுக்கு ஆள் கதை மாறுகிறது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அசிட்ரோம் போடும் வீட்டில் தினக்காலண்டர்தான் டாக்டர். ஒரு நாள் 2 மி.கி., மறுநாள் 3 மி.கி. என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லியிருந்ததால், ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் எழுதி வைத்து, இரவு மாத்திரை போட்டதும் டிக் அடிப்பேன். ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் ரத்தம் கசியும். கீரையில் வைட்டமின் கே இருக்கிறது, அது மாத்திரையை எதிர்த்து வேலை செய்யும் என்று எங்கோ கேட்டுவிட்டு, அத்தை முருங்கைக்கீரையை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. டாக்டரோ, "கீரையை நிறுத்த வேண்டாம்மா, வாரா வாரம் ஒரே அளவாச் சாப்பிடுங்க, போதும்" என்றார். அத்தை அதை நம்பவில்லை.

கிரைண்டர் விளிம்பில் லேசாக இடித்தாலே கையில் ஊதாவாகக் கன்றிப்போகும். காய்ச்சல் என்று தெருமுனை கிளினிக்குக்குப் போனால் இடுப்பில் ஊசி போடத்தான் வருவார்கள். தசையில் ஊசி போட்டால் உள்ளேயே ரத்தம் கட்டும், வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் நானே சொல்ல வேண்டும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் கூடாது. இதெல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்று மாதவிடாய். மாத்திரைக்கு முன்னால் நான்கு நாளில் முடிந்தது, இப்போது வாரத்தைத் தாண்டி ஓடியது, அதுவும் கட்டி கட்டியாக. வகுப்பில் நின்றபடி பாடம் நடத்த முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பேன். ஹீமோகுளோபின் சறுக்கிக்கொண்டே போனது. ரத்தப்போக்கை நிறுத்தும் மாத்திரை கேட்டால், காலில் அடைப்பு இருக்கும்போது அதைத் தரக்கூடாது என்றார்கள். இரும்புச் சத்து மாத்திரையோடு ஓட்டினேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடும் பெண்களுக்கு இது மிகச் சாதாரணமாக வரும் தொல்லை. ஆனால் சீட்டு எழுதும்போது ஒருவரும் இதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. கேட்டால்தான் சொல்கிறார்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் ஸ்கேன் எடுத்தோம். அடைப்பு முழுசாகப் போகவில்லை, ஓரளவு வழி திறந்திருக்கிறது என்று ரிப்போர்ட். அதைப் பார்த்த டாக்டர், "ஆயுசுக்கும் போட்டுடுங்க, எதுக்கு வம்பு" என்றார். சரி என்று வந்துவிட்டோம். அடுத்த சில மாதங்களிலும் ரத்தப்போக்கு குறையவில்லை. தம்பிதான் வற்புறுத்தி, திருச்சியில் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

அவர் ஸ்கேன் படத்தை எடுத்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். ஃபைலை மூடி ஓரமாக வைத்துவிட்டு, கேள்விகளாகக் கேட்டார். எலும்பு எப்போது முறிந்தது, எத்தனை நாள் படுக்கை, அதற்கு முன்னால் எப்போதாவது கால் வீங்கியதா, அப்பா அம்மா கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது இப்படி வந்ததா, கரு கலைந்திருக்கிறதா, கர்ப்பத்தடை மாத்திரை எதுவும் போட்டேனா, சமீபத்தில் உடம்பு இளைத்ததா. எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, "ரத்தக்கட்டி கரைஞ்சதாங்கறது ரெண்டாவது கேள்விம்மா. அது ஏன் வந்ததுங்கறதுதான் முதல் கேள்வி. உங்களுக்கு ஏன் வந்ததுன்னு தெளிவாத் தெரியுது" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின்னால் வந்த அடைப்பு என்றால், பொதுவாக மூன்று மாதம் மாத்திரை போட்டு நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்தியவர்களில் முதல் ஆண்டில் மறுபடி வருவது 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான். எந்தக் காரணமும் இல்லாமல் தானாக வந்தவர்கள் நிறுத்தினால் முதல் ஆண்டில் 100-க்கு 10 பேருக்கு வருகிறது, ஐந்து ஆண்டுகளில் அது 25 ஆகிறது. இன்னொரு பக்கம், அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி மாத்திரைகளைத் தொடர்ந்து போடுகிறவர்களில் 100-க்கு ஒன்றிரண்டு பேருக்கு ஒவ்வொரு ஆண்டும் பெரிய அளவில் ரத்தக்கசிவு ஏற்படுகிறது, வயிற்றிலோ மூளையிலோ. "தானா வந்தவங்களுக்கு மாத்திரை லாபம். உங்களுக்கு இனிமே மாத்திரைதான் ஆபத்து" என்றார். அதுவரை, மாத்திரை போடுவது பத்திரம், நிறுத்துவது துணிச்சல் என்றே நினைத்திருந்தேன். போடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் இவர்தான்.

"ஆனா கட்டி இன்னும் இருக்கே சார்" என்றேன். அங்கேதான் எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. இந்த மாத்திரைகள் கட்டியைக் கரைப்பதே இல்லை. புதிதாக உறையாமலும், இருப்பது பெரிதாகாமலும் பார்த்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். கரைக்கிற வேலையை உடம்பேதான் செய்கிறது. பல மாதம் ஆன பின்னும் மிச்சமிருப்பது சிரையின் சுவரோடு ஒட்டிப்போன தழும்பு. அதை இன்னும் பத்து வருஷம் மாத்திரை போட்டாலும் எடுக்க முடியாது. ஸ்கேனில் அது இருப்பதால் மட்டும் மாத்திரையைத் தொடர வேண்டியதில்லை.

என் பள்ளியில் கணக்கு சாருக்கும் இதே டி.வி.டி. வந்தது. விழவில்லை, ஆபரேஷன் இல்லை, எங்கும் பயணம் போகவில்லை. ஒரு நாள் காலையில் கால் வீங்கியது, மறுநாள் மூச்சு வாங்கியது. கட்டியின் துண்டு நுரையீரலுக்குப் போயிருந்தது. அவர் நிறுத்தவில்லை. ஆறு மாதம் கழித்து அளவை மட்டும் குறைத்தார்கள்: அபிக்ஸபான் என்கிற, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறொரு மாத்திரை 5 மி.கி. இரண்டு வேளை என்று இருந்தது 2.5 மி.கி. இரண்டு வேளை ஆனது. அவர் ஆண் என்பதையும் கணக்கில் எடுத்தார்களாம். தானாக வரும் அடைப்பு ஆண்களுக்குத் திரும்ப வருவது அதிகம். ஸ்டாஃப் ரூமில் நான் நிறுத்தியதைக் கேட்டதும், "அப்ப நானும் நிறுத்திடவா டீச்சர்?" என்றார். அடுத்த நாளே அவர் மனைவிக்கு போன் போட்டுப் பேசினேன்.

நிறுத்துவதற்கு முன்னால் திருச்சி டாக்டர் ஒரு டாப்ளர் எடுக்கச் சொன்னார். நிறுத்தலாமா என்று பார்க்க அல்ல. நிறுத்தும் நாளில் கால் உள்ளே எப்படி இருந்தது என்பதற்கு ஒரு பதிவு வேண்டும் என்று. பிறகு எப்போதாவது வலித்தால், அது பழைய தழும்பா புதுக் கட்டியா என்று பிரித்துச் சொல்ல அதுதான் உதவும். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்த ஸ்கேன்தான்.

மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். வேண்டியதில்லை, இன்றோடு நிறுத்துங்கள் என்றார். காரணம் அது வேலை செய்யும் விதம். அதற்கு முன்னால், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1933-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு விவசாயியின் மாடுகள் கெட்டுப்போன தீவனம் தின்று, ரத்தம் உறையாமல் செத்தன. அவர் ஒரு பாத்திரத்தில் உறையாத ரத்தத்தை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வகம் தீவனத்திலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948-இல் முதலில் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, பிறகுதான் மனிதர்களுக்கான மருந்தானது. அசிட்ரோமும் அந்தக் குடும்பம்தான். (என் வீட்டுக்காரர் இதைப் படித்த நாளிலிருந்து நான் மாத்திரை போடும் நேரத்தில் பக்கத்தில் நின்று சிரிப்பார்.) ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத்தான் தயாரிக்கிறது. மாத்திரை அதைத் தடுக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் கல்லீரல் அவற்றைப் புதிதாகத் தயாரிக்கச் சில நாள் ஆகும், ஆகவே இறக்கம் தானாகவே படிப்படியாக நடக்கிறது. ஒரு வாரம் கழித்து எடுத்த ஐ.என்.ஆர். சாதாரண ஆளுக்கு இருக்கிற மாதிரி ஒன்றை ஒட்டி வந்துவிட்டது.

உடம்பு ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தது. மனசுக்கு அது போதவில்லை. இரவில் திரும்பிப் படுக்கும்போது கெண்டைக்கால் கொஞ்சம் சுருக்கென்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். லைட்டைப் போட்டு இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பிசியோ பெண் காட்டிக் கொடுத்தபடி, முழங்கால் எலும்பின் மேட்டுக்குக் கீழே ஒரே தூரத்தில் இரண்டு காலையும் டேப்பால் அளந்து நோட்டில் எழுதுவேன். இரு காலுக்கும் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ, ஒரு கால் மட்டும் சூடாக வீங்கினாலோ உடனே வர வேண்டும். மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ போன்கூடப் பண்ணாமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும் என்று திருச்சி டாக்டர் சொல்லியிருந்தார்.

பள்ளி ஆண்டு விழா அன்று காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்ததில் கால் நன்றாக வீங்கிவிட்டது. அளந்தால் வித்தியாசம் இருந்தது. இரவே ஸ்கேன் சென்டருக்குப் போனோம். காலில் ஜெல் தடவி, கருவியைத் தொடையிலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் அழுத்திப் பார்த்தார் அந்தப் பெண் டாக்டர். திரையில் இரண்டு கருப்பு வட்டங்கள். ஒன்று தமனி, அழுத்தினாலும் அப்படியே நின்று துடித்தது. இன்னொன்று சிரை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அது சப்பையாகி மறைந்து, விட்டதும் திரும்ப விரிந்தது. "மூடுதுல்ல? மூடினா உள்ள புதுசா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்" என்றார். முழங்காலுக்குப் பின்னால் ஒரு இடத்தில் மட்டும் முழுசாக மூடவில்லை. சுவர் ஓரம் ஒரு வெள்ளைக் கீற்று. எனக்குக் கை ஜில்லென்றாகிவிட்டது. பழைய ஸ்கேனைக் கேட்டு வாங்கி ஒத்துப் பார்த்தார். அதே இடம், அதே தடிமன். நீண்ட நேரம் நின்றதால் வந்த வீக்கம். அன்றிரவுதான் நன்றாகத் தூங்கினேன்.

நிறுத்தியதும் ஆளாளுக்கு ஒரு யோசனை வந்தது. லேபில் ஒரு பேக்கேஜ் இருக்கிறது, ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் பார்த்துக்கொள்ளும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் எல்லாம் பார்த்துவிடலாம் என்று ஒரு உறவினர். அசிட்ரோம் போடும்போதும் நிறுத்திய கையோடும் அந்த இரண்டும் குறைவாகத்தான் காட்டும், மாத்திரையே அவற்றைக் குறைக்கிறது. காரணம் தெளிவாக இருக்கிற உங்களுக்கு அந்தச் சோதனை தேவையும் இல்லை என்றார் டாக்டர். மனத் திருப்திக்கு, உடம்பில் எங்காவது ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை எடுக்கவா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றார். சளி காய்ச்சல் வந்தாலும், வயசு ஏறினாலும் அது கூடும், தனியாக வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தினமும் பச்சைப் பூண்டு தின்றால் ரத்தம் கட்டாது என்று சொன்னவர்களும் உண்டு. பூண்டு ரசத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மாதவிடாய் இரண்டாவது மாதமே பழையபடி ஆனது. ஆனால் அதோடு ஒட்டி ஒரு எச்சரிக்கையும் கிடைத்தது. திருவிழா, கல்யாணம் என்றால் நம் பக்கத்தில் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலே தேதியைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிப் போடுகிறோம். அது ஹார்மோன். ஒரு முறை காலில் ரத்தம் உறைந்தவர்கள் அதை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. சென்ற சித்திரையில் நாத்தனார் மகள் கல்யாணத்தில் அதற்காகவே சடங்கு நேரத்தில் நான் பின்வரிசையில் உட்கார வேண்டி வந்தது. சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

இப்போதும் சாயங்காலம் இடது கணுக்கால் கொஞ்சம் வீங்கும். சிரையின் உள்ளே வால்வுகள் பழுதானால் அப்படித்தானாம். பள்ளிக்குப் போகும் நாட்களில் இறுக்கமான காலுறை போடுகிறேன். அது மறுபடி உறைவதைத் தடுக்கும் என்று எண்ண வேண்டாம், கனம் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். சென்னைக்கு ரயிலில் போனால் நடைவழி ஓரத்து இருக்கையாகப் பார்த்து வாங்கி, அவ்வப்போது எழுந்து நடக்கிறேன்.

வருகிற கோடை விடுமுறையில் கணுக்காலில் இருக்கும் பிளேட்டை எடுக்க வேண்டும். எலும்பு டாக்டரிடம் முதல் வேலையாகப் பழைய டி.வி.டி. ஃபைலைக் கொடுத்துவிட்டேன். ஆபரேஷன் முடிந்ததும் வயிற்றில் ஊசி போட்டு, அன்று மாலையே எழுந்து நடக்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஊசி எத்தனை நாள் என்பதைத் திருச்சி டாக்டரிடம் கேட்டு முடிவு செய்வார்கள். அசிட்ரோம் இந்தத் தடவை இல்லை.