சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு பழக்கவழக்கப் பயிற்சி: போகப்போகத் தெரிந்தவை

முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மலச்சிக்கல், எதுக்களிப்பு, விழுங்கும்போது இருமல், எடை கூடாமை இவற்றில் ஏதாவது இருந்தால் பயிற்சி அப்புறம்தான். வலியோடு சாப்பிடும் பிள்ளை மறுப்பதில் நியாயம் இருக்கிறது.

பிறகு மூன்று நாள் எதையும் மாற்றாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணி, என்ன உணவு, எத்தனை வாய், மறுத்ததும் பெரியவர்கள் என்ன செய்தார்கள். அந்தக் கடைசி விவரத்தில்தான் விஷயமே இருக்கிறது. தலையைத் திருப்பியதும் கரண்டி விலகுகிறது, அழுததும் செல்போன் வருகிறது, தட்டைத் தள்ளியதும் பிஸ்கட் வருகிறது என்றால், எப்படி மறுத்தால் என்ன கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது.

இரண்டு வேளைக்கு நடுவே இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும். இடையிடையே குடிக்கும் பாலே பசியைத் தின்றுவிடும். உட்காரும் நேரம் 20 முதல் 30 நிமிடம் போதும். பாதம் தொங்காமல் அடியில் பலகை வையுங்கள்.

புது உணவு பட்டாணி அளவுதான். தட்டில் இருக்கட்டும், அடுத்து விரலால் தொடுவது, உதட்டில் வைப்பது, நாக்கால் தொடுவது, கடித்துத் துப்புவது, கடைசியில் விழுங்குவது. ஒரு படி மூன்று வேளை அழாமல் நடந்த பிறகே அடுத்தது. செய்த நொடியே, "நாக்கால தொட்டுட்டியே!" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டி, பிடித்த உணவில் ஒரு வாய் கொடுங்கள். அழும்போது அதையே காட்டிக் கெஞ்சினால் அது அழுகைக்குக் கூலி. பத்துப் பதினைந்து முறை வைத்த பிறகு ஏற்கும் உணவுகளும் உண்டு.

மசித்ததையே கேட்கும் பிள்ளைக்கு, பழகிய 9 கரண்டியில் சற்றுக் கரகரப்பானது 1 கரண்டி கலந்து, மெதுவாக விகிதத்தைக் கூட்டுங்கள். மறுத்தால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

பல வீடுகளில் பயிற்சி உடைவது முதல் வாரத்தில்தான். பழைய வழி பலிக்காததால் அழுகை கூடும். அழுகை உச்சத்தில் இருக்கும்போது விட்டுக்கொடுத்தால், இன்னும் சத்தமாக அழ வேண்டும் என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். அதனால்தான் கேட்பதைச் சின்னதாகக் கேட்கச் சொல்கிறோம்: முடிகிற ஒன்றைச் செய்ய வைத்து, அத்தோடு எழுந்துவிடலாம். தாடையைப் பிடித்தோ மூக்கைப் பொத்தியோ ஊட்டவே கூடாது. வாயருகே கரண்டியை விலக்காமல் வைத்திருக்கும் முறையைப் பயிற்சி பெற்றவர் உடனிருந்தால் மட்டுமே செய்ய வேண்டும்.

பழகிய பிறகு பாராட்டை ஒவ்வொரு வாய்க்கும் என்பதிலிருந்து மூன்று வாய்க்கு ஒருமுறை, பிறகு சாப்பாட்டு முடிவில் ஒருமுறை என்று குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் பழைய மறுப்பு திரும்பிவிடலாம்.