நிமிர்த்துவது நம் வேலை இல்லை

முடக்குவாதம் என்று எழுதிய பழைய சீட்டுகளோடு ஏழெட்டு வயதுப் பிள்ளையை பிசியோதெரபிக்கு என்னிடம் அழைத்து வருவார்கள். விரல் மூட்டுகள் புடைத்திருக்கும், நடை சாய்ந்து சாய்ந்து இருக்கும், முடக்குவாதத்துக்கான மெதோட்ரெக்சேட் மாத்திரையும் ஸ்டீராய்டும் மாதக்கணக்கில் கொடுத்திருப்பார்கள், பலன் மட்டும் இருக்காது. தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை, மெத்தென்ற வீக்கமும் இல்லை, கெட்டியாக எலும்புதான் தட்டுப்படும். உடலில் அழற்சி இருந்தால் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருக்கும். இவர்களில் சிலருக்கு இருப்பது புரோக்ரசிவ் சூடோருமடாய்டு டிஸ்பிளேசியா, பார்க்க முடக்குவாதம் போலவே இருக்கும் ஒரு மரபுவழி எலும்பு நோய். முதுகையும் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் முள்ளெலும்புகள் தட்டையாகியிருப்பது தெரியும். கையை மட்டும் எக்ஸ்ரே எடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

குருத்தெலும்பைக் காக்க வேண்டிய ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாகிவிடுவதுதான் காரணம். 1999-ல் இந்த நோய்க்கு அதுதான் காரணம் என்று கண்டுபிடித்தபோது அதற்கு விஸ்ப்3 என்று பெயர், இப்போது சிசிஎன்6. அப்பா அம்மா இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருக்கும், அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இராது, ஆனால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் குடும்பங்களில் இது கூடுதலாக வரும். "மருமக வழியில வந்த சீக்கு" என்று பாட்டி ஆரம்பித்தால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன், இரண்டு பக்கமும் சரிபாதி என்று அந்தத் தாய் காதில் விழும்படி சொல்வேன்.

அப்புறம்தான் சிகிச்சை. வருகிறவர்கள் கேட்பது ஒன்றே: "விரலை நிமித்திடுவீங்களா சார்?" எண்ணெய் போட்டு இழுத்து உருவி, பிள்ளை அலறி, வலி கூடிய பிறகு வருகிறவர்களும் உண்டு. எலும்பு முனையே அகன்றுபோன மூட்டை இழுத்து நிமிர்த்த முடியாது. அதனால் நான் பிள்ளையின் அன்றாடத்தை எளிதாக்குவதில் இறங்குகிறேன். காலையில் வெந்நீர் ஒத்தடம், வலிக்காத எல்லை வரை அசைவு, இடுப்பு மடங்கி இறுகாமலிருக்கத் தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுப்பது, தொடைத் தசைக்கு வலு, தண்ணீர் வசதி இருந்தால் நீச்சல். குதிக்கிற விளையாட்டு வேண்டாம், ஆனால் விளையாட்டே வேண்டாம் என்று உட்காரவைத்தால் இறுக்கம்தான் கூடும். வீட்டில் குந்தும் கழிப்பறைக்குப் பதில் உட்காரும் கழிப்பறை, சாப்பிடத் தரைக்குப் பதில் நாற்காலி. பென்சிலில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தாலே சில பிள்ளைகள் ஒரு பக்கம் முழுக்க எழுதிவிடுகிறார்கள்.

பள்ளிக்குக் கடிதம் எழுதுவதையும் நான் சிகிச்சையாகவே நினைக்கிறேன். சோம்பேறி என்று வகுப்பில் திட்டு வாங்கும் பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் ஒட்டாது. வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள், காலை வழிபாட்டில் உட்காரவிடுங்கள் என்று எழுதுவேன். பெற்றோருக்கு ஒன்று: மாற்றுத்திறனாளி சான்றிதழைப் பத்தாம் வகுப்புக்கு ரொம்ப முன்பே வாங்கிவிடுங்கள், பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்க அந்தத் தாள் கையில் வேண்டும்.